சேல்ஸுக்கு ஆள் எடுக்கணுமா? கன்சல்டன்சியை தேர்வு செய்வது எப்படி? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

ஈரோட்டில் மசாலா பொடி தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொங்கு மண்டலத்தில் சரக்கு நன்றாக ஓடுகிறது. அடுத்து மதுரை, திருநெல்வேலி பக்கம் இறங்கலாம் என்று முதலாளி முடிவு செய்கிறார். அங்கே கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்க ஒரு சேல்ஸ் ஆபீசர் தேவை. தெரிந்தவர் சொன்ன கன்சல்டன்சிக்கு போன் போடுகிறார். மறுநாளே வாட்ஸ்அப்பில் 25 பயோடேட்டா வந்து விழுகிறது. அதில் ஒருவரை எடுக்கிறார். கன்சல்டன்சிக்கு கட்டணமும் கட்டியாகிவிட்டது.

நாலாவது மாதம் தொடங்கியதும் அந்த ஆள் போனை எடுக்கவில்லை. மதுரை கடைகளில் எவ்வளவு நிலுவை நிற்கிறது என்பதற்கு சரியான கணக்கு இல்லை. கன்சல்டன்சியை கேட்டால், "சார், 90 நாள் முடிஞ்சு போச்சே, இனி நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று பதில் வருகிறது.

இது உதாரணத்துக்காக சொல்லப்பட்ட கதைதான். ஆனால் சிறு, நடுத்தர தொழில் நடத்தும் பலருக்கு இது புதிதாக இருக்காது. சேல்ஸ் ஆள் தேடித் தரும் நிறுவனத்தை எப்படி தேர்வு செய்வது? கட்டணம் எப்படி கணக்கிடப்படுகிறது? ஒப்பந்தத்தில் எதை கவனிக்க வேண்டும்? விரிவாக பார்க்கலாம்.

சேல்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பது மட்டும் ஏன் கஷ்டம்?

கணக்காளர் தவறு செய்தால் லெட்ஜரில் தெரிந்துவிடும். மெஷின் ஆபரேட்டர் தவறு செய்தால் அன்று மாலையே சரக்கில் தெரியும். சேல்ஸ் ஆள் வேலை பார்ப்பது உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில். இன்று 30 கடை ஏறினாரா, டீக்கடையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினாரா என்பது உடனே தெரியாது. மாதக் கடைசியில்தான் தெரியும். சில நேரம் அதுவும் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்டர்வியூவில் நன்றாக பேசுவது சேல்ஸ் ஆளுக்கு கைவந்த கலை. ஒரு பொருளை விற்கத் தெரிந்தவருக்கு தன்னைத் தானே விற்கவும் தெரியும். அதனால் அரை மணி நேரப் பேச்சை வைத்து முடிவு எடுத்தால் ஏமாற வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, கடைக்காரருக்கு உங்கள் கம்பெனி என்றால் அந்த சேல்ஸ் ஆள்தான். மூன்று மாதத்துக்கு ஒரு புதுமுகம் வந்து நின்றால், "போன தடவை வந்தவர் டேமேஜ் பாக்கெட்டை மாத்தித் தர்றேன்னு சொன்னாரே, என்னாச்சு?" என்றுதான் கேட்பார். அந்த நம்பிக்கையை திரும்ப சம்பாதிக்க எந்த கன்சல்டன்சியும் உதவாது.

தவறான ஆளை எடுத்தால் நஷ்டம் எவ்வளவு?

ஈரோடு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 30,000 ரூபாய். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். கன்சல்டன்சி கட்டணம் 8.33 சதவீதம் என்றால் சுமார் 30,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5,400 ரூபாய். நிறுவனம் ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால் இந்த வரியை பொதுவாக உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். எனவே அதை விட்டுவிடுவோம்.

மூன்று மாதச் சம்பளம் 90,000 ரூபாய். பெட்ரோல், பயணப் படி மாதம் 6,000 ரூபாய் என்றால் 18,000 ரூபாய். கன்சல்டன்சி கட்டணத்தையும் சேர்த்தால் மொத்தம் 1,38,000 ரூபாய். வசூலாகாத நிலுவையும், கைவிட்டுப் போன ஆர்டரும் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கில் கன்சல்டன்சி கட்டணம் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பெரும்பாலான முதலாளிகள் பேரம் பேசுவது அந்தக் கட்டணத்தில்தான். 8.33 சதவீதத்தை 6 சதவீதமாக குறைத்தால் மிச்சம் சுமார் 8,400 ரூபாய். ஒரு நல்ல ஆள் கையில் இருக்கும்போது, 8.33 சதவீதம் தரும் கம்பெனிக்கு முதலில் அனுப்புவார்களா, 6 சதவீதம் தரும் கம்பெனிக்கு அனுப்புவார்களா? யோசித்துப் பார்த்தால் புரியும்.

அது என்ன 8.33 சதவீதம்?

100 சதவீதத்தை 12 மாதத்தால் வகுத்தால் வருவது 8.33. அதாவது, வேலைக்கு சேரும் ஆளின் ஒரு மாதச் சம்பளம்தான் கன்சல்டன்சியின் கட்டணம். இந்தியாவில் பரவலாக புழங்கும் கணக்கு இது. பதவி உயர உயர சதவீதமும் கூடும். ஏரியா மேனேஜர், ரீஜினல் மேனேஜர் போன்ற பொறுப்புகளுக்கு 12 சதவீதம், 15 சதவீதம் என்று கேட்பவர்களும் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். கட்டணம் எதன் மீது கணக்கிடப்படுகிறது? நிலையான சம்பளத்தின் மீதா, இன்சென்டிவையும் சேர்த்த மொத்த சிடிசி மீதா? சேல்ஸ் வேலையில் இன்சென்டிவ் பெரிய தொகையாக இருக்கலாம். டார்கெட் அடித்தால்தான் அது ஆளின் கைக்கே போகும். அவர் இன்னும் சம்பாதிக்காத இன்சென்டிவுக்கும் சேர்த்து கன்சல்டன்சிக்கு முதல் மாதமே கட்டணம் கட்டுவது நியாயமா என்று கேட்டு, ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

எத்தனை வகை கன்சல்டன்சி இருக்கிறது?

எல்லா கன்சல்டன்சியும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. முக்கியமாக மூன்று வகை.

முதல் வகை, ஆள் சேர்ந்தால் மட்டும் பணம். தேடுவதற்கு கட்டணம் இல்லை. ஆள் வேலைக்கு சேர்ந்த பிறகுதான் பில் வரும். சேல்ஸ் ரெப், சேல்ஸ் ஆபீசர் போன்ற வேலைகளுக்கு பெரும்பாலும் இந்த முறைதான். முதலாளிக்கு ரிஸ்க் குறைவு. ஆனால் கன்சல்டன்சிக்கு உங்கள் வேலையில் மட்டும் கவனம் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எங்கே சீக்கிரம் முடிகிறதோ அங்கே போய்விடுவார்கள்.

இரண்டாவது வகை, முன்பணம் வாங்கிக்கொண்டு தேடுவது. கட்டணத்தில் ஒரு பகுதி தொடக்கத்திலேயே, ஒரு பகுதி நேர்முகத் தேர்வுக்கான பட்டியல் தரும்போது, மீதி ஆள் சேரும்போது. சேல்ஸ் ஹெட் மாதிரி பெரிய பொறுப்புக்கு, வேறு கம்பெனியில் நல்ல நிலையில் இருப்பவரை ரகசியமாக அணுக வேண்டும் என்றால் இது பொருத்தம். ஒரு சேல்ஸ் ஆபீசருக்கு முன்பணம் கேட்டால் காரணம் கேட்க வேண்டும்.

மூன்றாவது வகை, ஸ்டாஃபிங். இங்கே ஆள் உங்களுக்காக வேலை பார்ப்பார். ஆனால் சம்பளப் பட்டியல் அந்த நிறுவனத்திடம் இருக்கும். மாதா மாதம் சம்பளமும் சேவைக் கட்டணமும் அவர்களுக்கு கட்டுவீர்கள். தீபாவளி சீசனுக்கு 20 ப்ரோமோட்டர் தேவை என்றால் இது வசதி. ஆனால் பிஎஃப், இஎஸ்ஐ விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். ஸ்டாஃபிங் நிறுவனம் ஊழியர்களுக்கான பிஎஃப், இஎஸ்ஐ தொகையை கட்டாமல் விட்டால், முதன்மை நிறுவனம் என்ற முறையில் பொறுப்பு உங்கள் பக்கமும் திரும்பும். அதனால் ஒவ்வொரு மாதமும் செலுத்திய ரசீது கேட்டு வாங்கிய பிறகே பில்லை பாஸ் செய்வது நல்லது.

போன் போடும் முன் முதலாளி செய்ய வேண்டிய வேலை

"நல்ல சேல்ஸ் ஆள் ஒருத்தர் வேணும்" என்று சொன்னால் எந்த கன்சல்டன்சியாலும் சரியான ஆளை தர முடியாது. ஒரு பக்க பேப்பரில் கீழே உள்ளவற்றை எழுதிவிட்டு போன் போடுவது நல்லது.

- என்ன பொருள், யாருக்கு விற்க வேண்டும்? மளிகைக் கடைக்கா, ஹோட்டலுக்கா, டிஸ்ட்ரிபியூட்டருக்கா, தொழிற்சாலைக்கா?

- எந்த ஊர், எந்த லைன்? வாரத்தில் எத்தனை நாள் வெளியூரில் தங்க வேண்டும்?

- நிலையான சம்பளம் எவ்வளவு? இன்சென்டிவ் எப்போது, எந்தக் கணக்கில்?

- பெட்ரோல், பயணப் படி, போன் செலவு யாருடையது? பைக் சொந்தமாக இருக்க வேண்டுமா?

- பணம் வசூலிக்கும் பொறுப்பும் இவருக்கு உண்டா?

- முதல் மூன்று மாதத்தில் என்ன நடந்தால் இவர் சரியான ஆள் என்று ஒப்புக்கொள்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு பதில் எழுத முடியவில்லை என்றால், ஆள் எடுப்பதை ஒரு வாரம் தள்ளிப் போடலாம். புது ஊரில், புது பிராண்டுக்கு, முதல் மாதமே பழைய ஊரின் டார்கெட்டை கொடுத்தால் எந்த நல்ல ஆளும் நிற்க மாட்டார். அதற்கு கன்சல்டன்சியை குறை சொல்லி பயன் இல்லை.

ஒரே மாதிரி சேல்ஸ் என்று நினைத்து குழப்பிக்கொள்வதும் சகஜம். மாத்திரை விற்கும் மெடிக்கல் ரெப் டாக்டரை பார்த்து மருந்தை விளக்குவார். மசாலா விற்பவர் கடைக்காரரிடம் ஸ்டாக் பார்த்து, ஆர்டர் எழுதி, பழைய பில்லையும் வசூலிப்பார். சாஃப்ட்வேர் விற்பவர் ஒரே வாடிக்கையாளரிடம் ஆறு மாதம் நடப்பார். ஒரு வேலையில் சூப்பராக இருந்தவர் இன்னொன்றில் திணறலாம்.

கன்சல்டன்சியிடம் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. எங்கள் துறையில் சமீபத்தில் யாருக்கெல்லாம் ஆள் கொடுத்திருக்கிறீர்கள்? இரண்டு வாடிக்கையாளர்களிடம் பேச முடியுமா? பெயர் சொல்லத் தயங்குபவர்கள்கூட, அனுமதி வாங்கி ஒருவரையாவது பேச வைக்க முடியும்.

2. நீங்கள் கொடுத்த ஆட்களில் ஒரு வருடம் கழித்தும் அதே கம்பெனியில் இருப்பவர்கள் எத்தனை பேர்? மிக முக்கியமான கேள்வி இது. எத்தனை பேரை சேர்த்தோம் என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை பேர் நிலைத்தார்கள் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் குறைவு. கணக்கு வைத்திருப்பவரையே தேர்வு செய்யலாம்.

3. எங்கள் வேலையை நேரடியாக பார்ப்பது யார்? பேச வருபவர் நிறுவனர். ஆனால் தேடுவது நேற்று சேர்ந்த பயிற்சி ஊழியராக இருக்கலாம். தேடப்போகும் ஆளிடமே பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். "பிரைமரி சேல்ஸ்", "செகண்டரி சேல்ஸ்" வித்தியாசம் அவருக்கு தெரியவில்லை என்றால், உங்களுக்கு வருவது வெறும் பயோடேட்டா மட்டும்தான்.

4. ஆட்களை எங்கே தேடுகிறீர்கள்? வேலைவாய்ப்பு இணையதளத்தில் இருந்து எடுத்து அனுப்புவது மட்டும்தான் வேலை என்றால், அந்த சந்தாவை நீங்களே கட்டிவிடலாம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை, அந்தந்த ஊர் மார்க்கெட்டில் பெயர் எடுத்தவர்களை அணுகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

5. பயோடேட்டா அனுப்பும் முன் நீங்கள் என்ன சோதிக்கிறீர்கள்? போனில் பேசினார்களா, நேரில் பார்த்தார்களா, சம்பள ரசீது பார்த்தார்களா, பழைய கம்பெனியில் விசாரித்தார்களா என்று தனித்தனியாக கேட்க வேண்டும்.

6. எங்கள் வேலையைப் பற்றி ஆட்களிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? "மாசத்துல ரெண்டு நாள்தான் டிராவல்" என்று சொல்லி அனுப்பினால், வந்தவர் பத்தாவது நாள் கிளம்பிவிடுவார். வேலை விவரத்தை நீங்களே எழுதிக் கொடுத்து, அதை அப்படியே அனுப்பச் சொல்வது நல்லது.

7. எங்கள் போட்டி கம்பெனிக்கும் ஆள் தேடுகிறீர்களா? எங்களுக்கு கொடுத்த ஆளையே நாளை அவர்களுக்கு தூக்கிக் கொடுப்பீர்களா? இரண்டாவது கேள்விக்கு "மாட்டோம்" என்ற பதில் எழுத்தில் வர வேண்டும்.

அவர்கள் உங்களை என்ன கேட்கிறார்கள்?

நீங்கள் கேட்பதை விட, அவர்கள் கேட்கும் கேள்விகளில் நிறைய தெரிந்துவிடும். நல்ல கன்சல்டன்சி முதல் நாளே 25 பயோடேட்டா அனுப்பாது. "இந்த இடத்தில் முன்பு யார் இருந்தார், ஏன் போனார்?" என்று கேட்கும். "டிஸ்ட்ரிபியூட்டர் ஏற்கெனவே இருக்கிறாரா, இவர்தான் போட வேண்டுமா?" என்று கேட்கும். "இந்த சம்பளத்துக்கு மதுரையில் நீங்கள் கேட்கும் அனுபவம் கிடைக்காது, 5,000 ரூபாய் கூட்டுங்கள் அல்லது அனுபவத்தை குறையுங்கள்" என்று முகத்துக்கு நேராக சொல்லும்.

எல்லாவற்றுக்கும் "ஓகே சார், ரெண்டு நாள்ல தர்றோம்" என்று தலையாட்டுபவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் ஐந்து கன்சல்டன்சியிடம் கொடுக்கலாமா?

நிறைய பேரிடம் கொடுத்தால் சீக்கிரம் ஆள் கிடைக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. யார் முதலில் பயோடேட்டா அனுப்புகிறார்கள் என்ற போட்டியாக அது மாறிவிடும். சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஒரே ஆளுக்கு மூன்று பேர் போன் போட்டு உங்கள் கம்பெனி பெயரைச் சொன்னால், "இவ்வளவு அவசரமா ஆள் தேடுறாங்களே, அங்க என்ன பிரச்னை?" என்று அவரே யோசிப்பார். கடைசியில் அந்த ஆளை அனுப்பியது யார் என்று கட்டணத் தகராறும் வரும்.

அதனால் ஒருவர், அதிகபட்சம் இருவரிடம் கொடுத்து, மூன்று அல்லது நான்கு வாரம் கெடு வைக்கலாம். வாரம் ஒருமுறை எத்தனை பேரிடம் பேசினார்கள், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள், ஏன் என்றார்கள் என்ற தகவலை கேட்டு வாங்க வேண்டும். பத்து பேர் ஒரே காரணத்தை சொன்னால், மாற வேண்டியது உங்கள் வேலை விவரமாகக்கூட இருக்கலாம்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

மாற்று ஆள் காலம்: சேர்ந்த ஆள் குறிப்பிட்ட நாட்களுக்குள் போய்விட்டால், கூடுதல் கட்டணம் இல்லாமல் வேறு ஆள் தருவதாக கன்சல்டன்சிகள் சொல்வது வழக்கம். பெரும்பாலும் இது 60 அல்லது 90 நாள். சேல்ஸ் வேலையில் ஒருவரின் உண்மையான திறமை தெரியவே மூன்று மாதம் ஆகும். அதனால் 120 நாள், 180 நாள் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மாற்று ஆளா, பணமா: மாற்று ஆள் தருவோம் என்று சொல்வார்கள். எத்தனை நாளில்? தர முடியாவிட்டால் கட்டணத்தை திருப்பித் தருவார்களா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத ஒப்பந்தத்தால் உங்களுக்கு பயன் இல்லை. "30 நாளில் மாற்று ஆள் தராவிட்டால் இத்தனை சதவீதம் திருப்பித் தரப்படும்" என்று எழுத வேண்டும்.

எந்தக் காரணத்துக்கு மாற்று: அவராக விலகினால் மட்டுமா, செயல்பாடு சரியில்லை என்று நீங்கள் நீக்கினாலும் பொருந்துமா? பல ஒப்பந்தங்களில் இரண்டாவது இருக்காது. படித்துப் பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் தேதி: இதில்தான் விஷயமே இருக்கிறது. கட்டணம் முழுவதும் சேர்ந்த முதல் வாரமே போய்விட்டால், அந்த ஆள் நிலைக்க வேண்டும் என்ற அக்கறை கன்சல்டன்சிக்கு குறைந்துவிடும். பாதி பணம் சேர்ந்த 30 நாளில், மீதிப் பாதி 90 நாள் முடிந்த பிறகு என்று பிரித்துக் கேட்கலாம். தன் தேர்வில் நம்பிக்கை இருப்பவர்கள் இதற்கு பெரும்பாலும் இறங்கி வருவார்கள். இப்படி பிரித்துத் தர ஒப்புக்கொண்டால், சதவீதத்தில் பேரம் பேசாமல் விட்டுவிடலாம்.

ஆள் யாருக்கு சொந்தம்: இன்று வேண்டாம் என்று விட்ட ஆளை ஆறு மாதம் கழித்து நீங்களே நேரடியாக எடுத்தால் கட்டணம் உண்டா? பல ஒப்பந்தங்களில் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் என்று இருக்கும். ஏற்கெனவே உங்களுக்கு நேரடியாக விண்ணப்பித்தவர் என்றால் கட்டணம் இல்லை என்ற வரியையும் சேர்க்க வேண்டும்.

இதைப் பார்த்தால் உஷார்!

- வேலை தேடுபவரிடம் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் வாங்கும் கன்சல்டன்சி. இரண்டு பக்கமும் பணம் வாங்குபவர், தகுதி பார்த்து அனுப்புகிறாரா, பணம் கொடுத்தவரை அனுப்புகிறாரா என்ற கேள்வி எழும். கெட்ட பெயர் உங்கள் கம்பெனிக்கும் வரும். இன்டர்வியூவுக்கு வருபவரிடமே, "கன்சல்டன்சிக்கு ஏதாவது பணம் கொடுத்தீங்களா?" என்று கேட்டுவிடலாம்.

- ஒப்பந்தமே வேண்டாம், வாய்வார்த்தை போதும் என்பவர்கள்.

- பில்லில் ஜிஎஸ்டி போடுகிறார்கள், ஆனால் பதிவு எண் சரியில்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணை தட்டினால் நிறுவனத்தின் பெயரும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் இலவசமாக தெரியும். ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு கன்சல்டன்சிக்கு பொதுவாக பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது.

- ஆளின் அனுமதி இல்லாமலேயே அவரது பயோடேட்டாவை பரப்புபவர்கள். தனிநபர் தகவல்களை அனுமதியுடன்தான் கையாள வேண்டும் என்கிறது 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம். உங்கள் கைக்கு வந்த பயோடேட்டாக்களை பத்திரமாக வைப்பது உங்கள் பொறுப்பும்கூட.

கடைசி சோதனை முதலாளியின் கையில்

கன்சல்டன்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆளை முடிவு செய்வது நீங்கள்தான். சேல்ஸ் ஆளிடம் கேட்க சில கேள்விகள் இருக்கின்றன.

"போன மாசம் எவ்வளவு சேல்ஸ் பண்ணீங்க?" என்று கேட்டால் ஒரு தொகை சொல்வார். அத்துடன் நிறுத்தக் கூடாது. அது பிரைமரியா, செகண்டரியா என்று கேட்க வேண்டும். கம்பெனியில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு போவது பிரைமரி. டிஸ்ட்ரிபியூட்டரிடம் இருந்து கடைக்கு போவது செகண்டரி. மாதக் கடைசியில் டார்கெட்டை காட்ட டிஸ்ட்ரிபியூட்டர் குடோனில் சரக்கை கொட்டிவிட்டு, அடுத்த மாதம் தவிப்பவர்கள் உண்டு. கடைக்கு போன சரக்கைப் பற்றி விவரமாக பேசுபவர்தான் மார்க்கெட்டில் நடந்தவர்.

அவர் வேலை பார்த்ததாக சொல்லும் ஊரில் முக்கியமான டிஸ்ட்ரிபியூட்டர்கள் யார், எந்த நாள் எந்த லைன், நிலுவை எத்தனை நாளில் வரும் என்று கேட்டால், பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

முடிந்தால் ஒரு நாள் மார்க்கெட்டுக்கு கூட்டிச் செல்லுங்கள். பத்து கடை ஏறட்டும். கடைக்காரர் "இப்ப வேணாம், அப்புறம் வாங்க" என்று சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அன்றைய படியை மட்டும் மறக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

அனுபவச் சான்றிதழில் சந்தேகம் இருந்தால், பிஎஃப் சந்தாதாரராக இருந்தவரிடம் யூஏஎன் கணக்கில் உள்ள பணி விவரத்தை காட்டச் சொல்லலாம். எந்த நிறுவனத்தில் எந்த தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அதில் இருக்கும். எல்லா சிறு நிறுவனங்களிலும் பிஎஃப் பிடித்தம் இருக்காது என்பதால், யூஏஎன் இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் பொய்யர் என்று ஒதுக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு பழைய ஊர் டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவரிடம் பேசினாலே போதும். ஆனால் இப்போது வேலையில் இருப்பவர் என்றால், அவர் அனுமதி இல்லாமல் தற்போதைய கம்பெனியில் விசாரிக்கக் கூடாது. அவர் வேலைக்கே உலை வைத்ததாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலைக்கு எடுப்பவருக்கு நியமனக் கடிதம் தருவதை, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வலியுறுத்துகின்றன. சேல்ஸ் ஊழியர்களுக்கு இது புதிதும் அல்ல. 1976-லேயே விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கு என்று தனிச் சட்டம் வந்தது. முதலில் மருந்து கம்பெனி ரெப்புகளுக்காக இருந்த அந்தச் சட்டம், பின்னர் வேறு சில துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சம்பளம், இன்சென்டிவ் கணக்கு, படி, ஊர் எல்லாம் நியமனக் கடிதத்தில் இருந்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

"எங்க கிட்ட இருந்து போனா இரண்டு வருஷம் போட்டி கம்பெனியில சேரக் கூடாது" என்று எழுதி வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, ஒருவர் தொழில் செய்வதை தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாக செல்லாது. வேலையை விட்ட பிறகும் தொடரும் இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. ஆளை நிறுத்தி வைக்க இதை நம்பிப் பயன் இல்லை. கம்பெனியின் விலை விவரம், வாடிக்கையாளர் பட்டியல் போன்ற ரகசியங்களை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை வேறு விஷயம். அதை போடலாம்.

ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பூட்டி வைப்பதும் சரியான வழி இல்லை. நல்ல ஆட்கள் அந்த நிபந்தனையை கேட்டதுமே திரும்பிப் போய்விடுவார்கள்.

கன்சல்டன்சி இல்லாமல் முடியாதா?

முடியும். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்தில் நிறுவனங்கள் இலவசமாக பதிவு செய்து காலியிடங்களை அறிவிக்கலாம். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்பு சேவை தளமும் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களிலும் கலந்துகொள்ளலாம். புதிதாக வேலைக்கு வரும் சேல்ஸ் ரெப்புகளை எடுக்க இந்த வழிகளே போதும்.

அனுபவம் உள்ள ஆள் என்றால் இன்னொரு வழி, உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரிடமும் கடைக்காரரிடமும் கேட்பது. "உங்க கடைக்கு வர்ற ரெப்புகள்ல யார் ஒழுங்கா வேலை பார்க்கிறாங்க?" என்ற கேள்விக்கு கடைக்காரரை விட சரியாக யாரும் பதில் சொல்ல முடியாது. புது ஊர், பெரிய பொறுப்பு, நேரம் இல்லை என்ற நிலை வரும்போது கன்சல்டன்சியை தேடலாம்.

மீண்டும் ஈரோடு...

அந்த மசாலா கம்பெனி முதலாளி இரண்டாவது முறை ஆள் தேடும்போது என்ன மாற்றிச் செய்யலாம்? வேலை விவரத்தை ஒரு பக்கம் எழுதிவிட்டு போன் போடலாம். கன்சல்டன்சி ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, 25 பேருக்கு பதில் நேரில் பார்த்த நான்கு பேரை அனுப்பச் சொல்லலாம். 8.33 சதவீதத்தை அப்படியே ஒப்புக்கொண்டு, பாதியை 90 நாள் கழித்து தருவதாக எழுதிக்கொள்ளலாம். மதுரையில் ஒரு நாள் தானே கூட நடந்து பார்க்கலாம். ஆள் சேர்ந்த பிறகு மாதம் ஒருமுறை கடைக்காரர்களுக்கு போன் போட்டு நிலுவைத் தொகையை சரிபார்க்கலாம்.

இதற்கெல்லாம் பணம் அதிகம் ஆகாது. முதலாளியின் நேரம்தான் கொஞ்சம் ஆகும். அடுத்த முறை கன்சல்டன்சியில் இருந்து, "சார், இந்த ஆளை கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்று சொன்னால், "அப்படின்னா மீதிப் பணத்தை 90 நாள் கழிச்சு வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் சொல்லும் பதிலை வைத்தே அந்த கன்சல்டன்சியை தேர்வு செய்வதா, வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம்.